சிறையிருந்த பேராசிரியர்

பெயர்ச்சொல் இடுகுறி, காரணம் என இரு வகைப்படும் என்று ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லி வருகின்றேன். மரம் என்பது இடுகுறி. பறத்தலாற் பறவை என்பது காரணம். இதனை விளக்குதல் எளிது. ஆயின், பெயர் முன்னே வந்து, அதற்குரிய காரணம் பின்னே வந்து சேர்தலும் உண்டோ என்று எவனேனும் ஒரு மாணவன் கேட்டிருப்பின், அக்காலத்தில் யான் திகைத்து நின்றிருப்பேன். மனிதன் மனிதனுக்கு இடும் பெயர்களுட் சில அத்தகையன என்பதை நான் அறிந்துகொண்டது இலக்கண நூலினின்றும் அன்று. அமெரிக்க நாட்டில் வாழ்ந்து 1969 ஆம் ஆண்டு யூன் மாதம் மறைந்த பிராங்க் தனன்பாம் என்னும் பேராசிரியரின் வாழ்க்கையும் அவர் எழுதிய நூலொன்றுமே அதனை எனக்குக் காட்டின. வரலாற்றறிஞர் என்ற வகையில் அவர் நன்கு அறியப்பட்டவர். குற்றவாளி என்று ஒருகாலத்தில் அறியப்பட்டவர் என்பதை நம்மவர் பலர் அறியார்.

தனன்பாம் 1893 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அக்காலத்து ஆஸ்திரிய - ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த கலீசிய நாட்டில் யூதக் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். அவர் சிறுவராயிருந்தபோதே பெற்றோர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து மசச்சூசெற்ஸ் மாநிலத்திற் கமஞ்செய்து வாழலாயினர். மண்ணோடு மல்லுக்கட்டும் அவ்வாழ்வு பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. வீட்டை விட்டு நீங்கி நியூயோர்க் நகரை அடைந்தார். உணவுச்சாலையில் ஏவல் செய்தார். மாடிக் கட்டடங்களில் மின்தூக்கி இயக்கினார். இரவிலே, தொழிலாளரும் புரட்சிக் கருத்தினரும் கூடிப் படிக்கும் பெரர் நிலையம் என்னும் பள்ளிக்குச் சென்றார். எம்மா கோல்ட்மன், அலெக்சாந்தர் பேர்க்மன் முதலியோரின் பழக்கம் அங்கே உண்டாயிற்று. உலகக் கைத்தொழிலாளர் சங்கத்திலும் சேர்ந்தார். முறையான கல்வி அவருக்கு அதுகாறும் வாய்த்ததில்லை.

1913 ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய மாரி, நியூயோர்க் நகர ஏழைகளுக்குக் கொடிய மாரியாயிற்று. தொழில்கள் நலிந்தன. வேலையற்றோர் தெருக்களில் நிறைந்தனர். பனி கொட்டும் இரவிற் படுக்க இடமின்றி அலைந்தவர் பல்லாயிரவர். இந்நிலையிலே தனன்பாம் ஒரு காரியஞ் செய்தார். இருநூறு முந்நூறு பேரைத் திரட்டிக்கொண்டு, 1914 பெப்ரவரி மாதக் கடைசியிலிருந்து, இரவுதோறும் ஒவ்வொரு தேவாலயமாகச் சென்று, பசித்தவர்க்கு உணவும் படுக்க இடமும் தருக என்று கேட்கலாயினார். இரந்து கேட்கவில்லை, உரிமையோடு கேட்டார். கிறித்துவின் பெயரால் எழுந்த கட்டடம் வெறிதே கிடக்க, வாயிலில் மனிதன் குளிரில் விறைத்தல் தகுமா என்பதே அவர் வினாவாயிருந்தது. சில ஆலயத்தார் இடமும் உணவும் அளித்தனர். வேறு சிலர் பணம் உதவினர். வன்செயல் எதுவும் நிகழ்ந்திலது. ஆயினும் செய்தித்தாள்கள் கொதித்தெழுந்தன. ஆலயங்களுட் புகும் கும்பல், கலகத் தலைவன் என்றெல்லாம் நாடோறும் அவை எழுதின.

மார்ச்சு 4 ஆம் நாள் இரவு அவர்கள் புனித அல்போன்சு கத்தோலிக்க ஆலயத்துக்குச் சென்றனர். அங்கே தங்குதற்கு இடம் மறுக்கப்பட்டது. பொலிசார் வந்து சூழ்ந்தனர். ஏறத்தாழ 190 பேர் பிடிபட்டனர். தலைவராய் நின்ற தனன்பாமுக்கு அப்போது வயது 21. சட்டத்துக்கு மாறாகக் கூட்டங்கூடினார் என்ற குற்றத்துக்காக ஓராண்டுச் சிறையும் 500 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன. பசித்தவர்க்குச் சோறு கேட்டதற்கு இத்தண்டனை மிகையன்றோ என்று இன்று நாம் எண்ணலாம். அன்று ஊரறிந்த பெரியோர் பலர் அவ்வாறு எண்ணினாரல்லர். முதல் நாள் இரவு வேலையற்ற இளைஞனாய் இருந்தவர் மறுநாட் காலையிற் கலகக்காரராயினார். சில கிழமைகளுக்குள் குற்றவாளியாயினார். அவர் செய்தது முந்திய இரவுகளிற் செய்ததே. அதற்குப் பிறர் இட்ட பெயர்தான் மாறியது.

நியூயோர்க் நகரின் கிழக்காற்று நடுவே பிளாக்வெல் தீவு என்று ஒரு சிறு தீவு. நகரத்தார் தமக்கு வேண்டாதவரையெல்லாம், அதாவது கைதிகள், பித்தர், நோயாளர், அநாதை முதியோர் ஆகியோரை, நெடுங்காலமாக அங்கே வைத்திருந்தனர். அத்தீவிலிருந்த மறியற்சாலையிலே தனன்பாம் தம் தண்டனைக் காலத்தைக் கழித்தார். அழுக்கும் பூச்சியும் நிறைந்த அறைகளும், வாய்திறவா விதியும், இருட்டறைத் தனிமையும் அவர் நேரே கண்டவை. கண்டதை விடுதலை பெற்ற 1915 ஆம் ஆண்டிலேயே ஒரு சஞ்சிகையில் எழுதினார். ஆனால் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது சுவரும் பூட்டும் அல்ல என்றே அவருடைய பிற்கால எழுத்துக்களைப் படிக்குந்தோறும் எனக்குத் தோன்றுகின்றது. உள்ளே சென்ற மனிதன் தன்னைப் பற்றித் தானே நினைக்கும் நினைவு நாளடைவில் எவ்வாறு மாறுகின்றது என்பதையே அவர் உற்றுநோக்கினார். காவலன் கைதியைக் கைதி என்றே பார்க்கிறான். அப்பார்வை காவலனையும் மாற்றுகின்றது. அதிகாரத்தின் சுவையும் அச்சமும் சேர்ந்து அவனைக் கொடியவனாக்குகின்றன என்பது தனன்பாம் கண்ட முடிவு.

இங்கே வேறொரு மனிதரைப் பற்றிக் கூறவேண்டும். தோமஸ் மொற் ஒஸ்போண் என்பவர் செல்வக் குடியிற் பிறந்தவர்; ஓபேண் நகரின் நகரபிதாவாயிருந்தவர். சிறைச் சீர்திருத்தக் குழுவின் தலைவரானபோது, சிறையை அறியாதவன் சிறையைத் திருத்தல் இயலாது என்று கருதி, 1913 ஆம் ஆண்டிலே தாமே தம் பெயரை மாற்றிக்கொண்டு ஓபேண் சிறைச்சாலையில் ஒரு கிழமை கைதியாய் இருந்தார். பின்னர் சிங்சிங் என்னும் பெருஞ்சிறைக்கு அத்தியட்சகராகி, கைதிகளே தம்முள் தேர்தல் நடத்தித் தம் ஒழுங்கைத் தாமே காக்கும் முறையை அங்கே நிலைநாட்டினார். இவருடைய நட்பு தனன்பாமுக்குக் கிடைத்தது. சிறைச்சாலைகளைப் பற்றி 1922 ஆம் ஆண்டில் தனன்பாம் வெளியிட்ட நூலுக்கு ஒஸ்போணே முன்னுரை வரைந்தார். ஒஸ்போண் மறைந்தபின், 1933 இல், அவருடைய சிங்சிங் பணியைப் பற்றித் தனன்பாம் நூலெழுதினார். கைதியாயிருந்தவர் சிறைத் தலைவரின் வரலாற்றை நன்றியோடு எழுதிய நிகழ்ச்சி உலகில் மிகுதியாக இராது.

சிறையினின்று மீண்ட இளைஞரைக் கலகக்காரர் என்று பாராது, படிக்க வேண்டிய பிள்ளை என்று பார்த்தவர் வேறு சிலரும் இருந்தனர். அவர்தம் உதவியாற் கொலம்பியா சர்வகலாசாலை அவருக்குக் கதவைத் திறந்தது. இடையிற் போர் வந்து, படையிலும் பணிபுரிந்து, 1921 ஆம் ஆண்டு சிறப்புறத் தேறிப் பட்டம் பெற்றார். பின்னர்க் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அவர் கைப்பற்றிய கைகள் இல்லாதிருந்தால் என் ஆகியிருப்பார்? அந்த இரவில் அவரோடு பிடிபட்ட ஏனையோர் எல்லார்க்கும் அத்தகைய கைகள் கிடைத்திரா. அவர்களுடைய வாழ்க்கையை எழுதுவார் இலர்.

இனி, நான் முதலிற் குறித்த நூலுக்கு வருகின்றேன். குற்றமும் சமுதாயமும் எனப் பொருள்படும் தலைப்புடன் 1938 ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. பெரிய நூல், அமெரிக்கப் பொலிசு, நீதிமன்றம், சிறை, அரசியல் ஊழல் என்று பலவற்றையும் விரிவாகப் பேசுவது. அதன் தொடக்கப் பகுதியிலுள்ள சில பக்கங்களே அதனை இன்றும் வாழவைத்திருக்கின்றன.

குற்றவாளி பிறவியிலேயே வேறுபட்டவன், மூளையோ எலும்போ குறைபட்டவன் என்ற கருத்து அந்நாளில் வலுவோடிருந்தது. தனன்பாம் அதனை ஏற்கவில்லை. அவர் தொடங்குவது தெருவிலே விளையாடும் சிறுவரிடமிருந்து. கண்ணாடியை உடைத்தல், கூரைமீதேறி ஓடுதல், தள்ளுவண்டிக்காரனின் பழத்தை எடுத்துக்கொண்டு ஓடுதல், பள்ளிக்கு ஒளித்தல் ஆகியன சிறுவர்க்கு விளையாட்டு. ஆண்மையைக் காட்டும் துணிச்சல். ஊரவர்க்கோ அவை தொல்லை. முதலில் இரு திறத்தாரும் ஒரே செயலை இரு வகையாகப் பார்க்கின்றனர், அவ்வளவே. தொல்லை தொடரத் தொடர ஊரார் பொறுமை இழக்கின்றனர். அப்போது நுட்பமான மாற்றம் ஒன்று நிகழ்கின்றது. செய்த செயல் தீயது என்று சொல்லி வந்தவர்கள், செய்தவன் தீயவன் என்று சொல்லத் தொடங்குகின்றனர். செயலின்மேல் இருந்த சொல் ஆளின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றது.

அதன்பின் அவனுடைய நடை, பேச்சு, நண்பர், வீடு எல்லாம் ஐயக் கண்ணோடு பார்க்கப்படுகின்றன. பொலிசார் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தும் அந்த முதற் காட்சியைத் தனன்பாம் ஒரு நாடகத்துக்கு ஒப்பிடுகின்றார். தீமையை மேடையேற்றிக் காட்டும் நாடகம் அது. பத்துப் பேரோடு ஓடியவனுள் ஒருவன் பிடிபடுகின்றான். நேற்றுவரை பத்தில் ஒன்றாயிருந்தவன் இன்று தனியனாய் நிற்கின்றான். தான் ஏனையோரினும் வேறானவன் என்பதை முதன்முதலாக அவன் அறிகின்றான். இந்த அறிவைக் கொடுத்தவர் அவனைத் திருத்த வந்தவரே. நல்லோர் கூட்டத்திலே இடமில்லை என்றானபின், தன்னைப்போற் பெயரெடுத்தவர் கூட்டமே அவனுக்குப் புகலாகின்றது. அங்கே அவன் அவமதிக்கப்படுவதில்லை. கடிந்து சொல்பவர் மட்டுமன்றி, இரங்கித் திருத்த முயல்பவரும் தீமையையே ஓயாது சுட்டிப் பேசுவாராயின் அத்தீமையை வளர்ப்பவரே ஆவர் என்றும் அவர் கூறுகின்றார். ஆசிரியனாகிய எனக்கு அவ்விடத்திற் புத்தகத்தை மூடிவைக்க வேண்டியதாயிற்று.

நான் ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளிற் சிற்றூர்ப் பாடசாலை ஒன்றிற் படிப்பித்தேன். ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் அயல் வளவில் மாங்காய் பறித்தான் என்று முறைப்பாடு வந்தது. கூடப் பறித்தவர் மூவரோ நால்வரோ. ஓடமுடியாது அகப்பட்டவன் இவன். ஒழுக்கத்தை நிலைநாட்டும் இளமை வேகத்தில் அவனைக் காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னும் நிறுத்திக் கள்ளன் என்றேன். அதனோடு நில்லாமல், மொழிப்பற்று மிக்கவனாகையால், மாங்காயையும் களவையும் சேர்த்து எதுகை நயம்பட ஒரு பட்டப்பெயரும் சூட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் என் சொல்நயத்தை எண்ணி மகிழ்ந்தேன் என்பதை மறைத்தல் முறையன்று. அதன்பின் வகுப்பில் ஒரு பென்சில் காணாமற் போனாலும் எல்லாக் கண்களும் ஒரே வாங்கை நோக்கித் திரும்பின. அவன் பின்வாங்குக்குப் போனான். வகுப்பேற்றப்படாது நின்றுவிட்ட பெரிய பையன்கள் சிலரோடு சேர்ந்தான். இரண்டு ஆண்டு கழித்து ஒருநாள் மெய்யாகவே பணம் களவு போயிற்று. மெய்யாகவே அவன்தான் எடுத்திருந்தான். நாங்கள் ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்து, அன்றைக்கே தெரியும் என்று தலையசைத்தோம். அவன் பள்ளியை விட்டு நின்றான்.

தனன்பாமின் நூலை வாசித்த இரவில் அவனுடைய இயற்பெயரை நினைவுகூர முயன்றேன். வரவில்லை. நான் இட்ட பட்டப்பெயரே நாவில் வந்து நின்றது. வரவுப் புத்தகத்தைப் பார்த்தேனும் அறியலாம் என்றால், 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின் அப்பாடசாலையின் பழைய ஏடுகள் ஒன்றும் மிஞ்சவில்லை. அவன் வகுப்புத் தோழர் இருவரை இங்கே கண்டு கேட்டேன். அவர்களும் அந்தப் பட்டப்பெயரையே சொன்னார்கள்.

தனன்பாமின் கருத்து வானத்திலிருந்து வீழ்ந்ததன்று. மற்றவர் மனத்தில் நம்மைப் பற்றி எழும் தோற்றத்தைக் கண்ணாடியாகக் கொண்டே நாம் நம்மை அறிகின்றோம் என்று சார்ள்ஸ் கூலி என்னும் சமூகவியலார் 1902 ஆம் ஆண்டிலேயே எழுதினார். நான் என்னும் உணர்வு தனித்திருந்து பிறப்பதில்லை. பிறரோடு பேசியும் பழகியும், பிறர் நின்ற இடத்தில் மனத்தால் நின்று நம்மை நாமே நோக்கியும் அது உருவாகின்றது என்று சிக்காகோவில் ஜோர்ஜ் மீட் கற்பித்து வந்தார். குற்றவாளியை வெறுப்பதிலே நல்லோர் தமக்குள் ஓர் ஒற்றுமையைக் காண்கின்றனர், அந்த வெறுப்பே அவன் திருந்தி மீளும் வழியையும் அடைத்துவிடுகின்றது என்றும் 1918 இல் மீட் எழுதினார். இவை சிந்தனையாளர் எழுத்துமேசையிற் கண்டவை. தனன்பாமோ பிளாக்வெல் தீவிலே தம் உடம்பாற் கண்டவர். அவருடைய வசனத்தில் உள்ள சூடு அதனால் வந்தது என்பது என் எண்ணம்.

அவருக்குப் பின் வந்தோர் அவ்விதையை வளர்த்தனர். எட்வின் லெமேட் 1951 ஆம் ஆண்டில் நெறிபிறழ்வை இரண்டாகப் பகுத்தார். ஏதோவொரு காரணத்தால் ஒருவன் முதலில் வழுவுவது முதனிலைப் பிறழ்வு. அது எல்லாரிடத்தும் உண்டு, பெரும்பாலும் வந்தவாறே மறையும். ஊரார் அதனைக் கண்டு பெயரிட்டு ஒதுக்க, அவ்வொதுக்கத்துக்கு ஈடுகொடுத்து வாழ்வதற்காகவே அவன் மேற்கொள்ளும் நடத்தை வழிநிலைப் பிறழ்வு. திக்குவாயைப் பற்றி அவர் ஆராய்ந்தது தமிழாசிரியர் கருதத்தக்கது. சடங்குகளிற் பிழையற்ற பேச்சைப் பெரிதும் வற்புறுத்தி, திக்குவோரை எள்ளிவந்த வடபசுபிக் கரையோர மக்களிடையே திக்குதல் உண்டென்பதையும், அதற்கெனத் தனிச்சொற்கள் வழங்கின என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். மாணவனை எழுப்பி வாசிக்கச் சொல்லி, அவன் நா இடறியதும் வகுப்பைச் சிரிக்க விடும் நம்மவர் இதனை நினைவிற் கொள்ளலாம்.

1963 இல் ஹாவர்ட் பெக்கர் என்பவர் புறத்தார் என்று பொருள்படும் நூலை வெளியிட்டார். அவர் இரவு விடுதிகளில் ஜாஸ் இசைக்குப் பியானோ வாசித்தவர். ஊரார் விரும்பாத இசைவாணரையும் கஞ்சா புகைப்போரையும் அருகிருந்து அறிந்தவர். விதிகளை ஆக்குவோர் உளர். அவ்விதிகளை இன்னார்மேற் செலுத்துவது என்று தெரிவோரும் உளர். பிறழ்வு என்பது செயலின் தன்மை அன்று, அவ்விதியைப் பிறர் அவன்மேற் செலுத்தியதன் விளைவு என்று அவர் துணிந்து கூறினார். தமக்கு முன் இவ்வழியிற் சென்றவருள் ஒருவராகத் தனன்பாமையும் குறித்தார். முத்திரைக் கோட்பாடு என்று சமூகவியல் மாணவர் இப்போது படிப்பது இதுவே.

இக்கொள்கையை நான் முற்றும் ஒப்புகின்றேன் அல்லேன். முதற் களவு ஏன் நிகழ்ந்தது என்பதற்கு இதில் விடை குறைவு. ஒருவரும் பெயரிடாமலே கொடுஞ்செயல் புரிந்து நீடு வாழ்ந்தோர் உளர். பழிப்பெயர் சுமந்தும் அதனை உதறியெழுந்தோர் உளர். குத்துண்டு கிடப்பவனிடம் போய், குத்தியவனுக்கு ஊரார் இட்ட பெயரே காரணம் என்று கூறினால் அவன் என்ன நினைப்பான்? இத்தகைய தடைகளை அறிஞர் பலர் எழுப்பியுள்ளனர். அவை நியாயமானவை. தனன்பாமின் வாழ்க்கையே முத்திரை அழியாததன்று என்பதற்குச் சான்றாக நிற்கின்றது. ஆனால் அது தானே அழியவில்லை. வேறு பெயரால் அவரை அழைக்கச் சிலர் முன்வந்தமையால் அழிந்தது.

பிற்காலத்தில் அவருடைய உழைப்பு பெரிதும் இலத்தீன் அமெரிக்க நாடுகளைப் பற்றியதாயிற்று. மெக்சிக்கோவின் சிற்றூர்களிற் சுற்றி, அந்நாட்டு நிலப் புரட்சியைப் பற்றி 1929 இல் ஒரு நூல் எழுதினார். அதிபர் லாசரோ கார்தெனாசின் நண்பராயிருந்தார். கொலம்பியாவிலே இலத்தீன் அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியரானார். அடிமையும் குடிமகனும் பற்றி 1940களில் அவர் எழுதிய சிறு நூல் பெரும் வாதத்தை எழுப்பியது. ஸ்பானிய, போர்த்துக்கேய நாடுகளின் சட்டமும் திருச்சபையும் அடிமையையும் ஆன்மா உடைய மனிதன் என்று ஏற்றமையால், விடுதலைக்குப்பின் அவன் குடிமகனாதல் அங்கே எளிதாயிற்று. அவ்வாறு ஏலாத வட அமெரிக்காவில் விடுதலைக்குப் பின்னும் அவன்மேல் அப்பழம்பெயர் ஒட்டிக்கொண்டது என்பது அவர் வாதம். ஏட்டிலுள்ள சட்டத்தை அவர் மிகுதியாக நம்பிவிட்டார், பிரேசிலின் கரும்புத் தோட்டங்களில் நிகழ்ந்த கொடுமை சிறிதன்று என்று பின்வந்த வரலாற்றாசிரியர் மறுத்தனர். மறுப்பு சரியே. ஆயினும், இருபத்தோராம் வயதிற் பிடித்துக்கொண்ட வினாவை ஐம்பது வயதைக் கடந்தும் அவர் விடவில்லை என்பது அந்நூலிற் புலனாகின்றது.

1945 ஆம் ஆண்டில் அவர் கொலம்பியாவில் ஒரு புது வழக்கத்தைத் தொடக்கிவைத்தார். வெவ்வேறு துறையினரும், சர்வகலாசாலைக்கு வெளியே தொழில்புரிவோரும், ஒரு மேசையைச் சுற்றியிருந்து ஒரு பொருளை ஆண்டுக்கணக்காக ஆராயும் கருத்தரங்குகள் அவை. துறைப்பெயர்கள் அறிஞர்களைப் பிரித்துவைத்தமை அவருக்குப் பொறுக்கவில்லை. பாலித்தீவின் சடங்குகளை ஆராய்ந்த மானிடவியலாரான அவர் மனைவி ஜேன் பீலோவும் அவரும் தம் செல்வத்தை அக்கருத்தரங்குகளுக்கே விட்டுச்சென்றனர். அவை இன்றும் நடைபெறுகின்றன.

பிளாக்வெல் தீவின் பெயரை 1921 ஆம் ஆண்டிலே, தனன்பாம் பட்டம் பெற்ற அதே ஆண்டில், நகரத்தார் நலத்தீவு என்று மாற்றினர். சிறைச்சாலை 1930களில் இடிக்கப்பட்டது. 1973 ஆம் ஆண்டில் அத்தீவுக்கு ரூஸ்வெல்ற் தீவு என்று மீண்டும் ஒரு பெயர் வைத்தனர். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகளிற் குடும்பங்கள் வாழ்கின்றன; பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் உண்டு. என் மாணவனுடைய பெயரை நான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கின்றேன். அவனுடைய அக்காள் ஒருத்தி வவுனியாவில் இருப்பதாகக் கேள்வி.